நாடியில்லாச் சாட்சி

எனக்கு நாடி நின்று மூன்று வருடம் ஆகிறது. மற்றபடி சௌக்கியம்.

சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் முதலிலேயே கையை நீட்டிவிடுவேன். பிடித்துப் பார்ப்பார்கள். அடுத்த கையைப் பார்ப்பார்கள். கழுத்தில் விரல் வைப்பார்கள். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, என் கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். பாவுகிறது. செருப்பு எட்டாம் நம்பர்.

நான் போர்வெல்காரன். பெயர் நாச்சிமுத்து. சங்ககிரியிலிருந்து ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பது வருடம் தேசமெல்லாம் துளை போட்டிருக்கிறேன். ராஜஸ்தானில் ஒரு தோட்டத்தில் எழுநூறு அடியில் தண்ணீருக்குப் பதிலாகத் தேநீர் வந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி. ஒடிசாவில் குழாயை இறக்க இறக்க அடியிலிருந்து யாரோ தட்டினார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்தோம். இதையெல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னதற்கு ஊர் எனக்கு வைத்த பெயர் புளுகு நாச்சி.

எழுபது வயதில் என் இதயம் விரிந்து தொளதொளத்துப் போனது. மூன்று படி ஏறினால் மூச்சு முட்டும். டாக்டர் ரோஸ்லின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இனி உங்க இதயத்தால தனியா இழுக்க முடியாது. உள்ள ஒரு சின்ன பம்ப் வெச்சிடலாம்" என்றார்.

"எத்தனை ஹெச்.பி.ங்க?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டார்கள். கட்டைவிரல் பருமன். சப்மெர்சிபிள் மோட்டார் மாதிரியேதான்: ரத்தத்துக்குள் மூழ்கிக் கிடந்து சுற்றும். இதயம்போல் விட்டுவிட்டு அடிக்காது. குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் ரத்தம் ஒரே சீராக ஓடும். அதனால்தான் நாடி இல்லை. வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து தோள்பைக்குள் போகும். பையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டு பேட்டரி. ஊரில் இதற்கு நெஞ்சு மோட்டார் என்று பெயர்.

அதே வாரம் செங்கோடனுக்கும் மோட்டார் வைத்தார்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருடம் தகரம் தட்டியவன். ஆகவே காது மந்தம். என் கதைகளை முழுதாகக் கேட்டு எனக்கு நண்பனாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவன் காதைச் சோதிக்காமலேயே எங்களை ஜோடி சேர்த்தார்கள். பேட்டரி மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. பம்ப் சிஸ்டர் ஒரு பேட்டரியைக் கழற்றிப் புதியதைச் செருகுவாள். 'டிக்' என்று கேட்கும். ஜோடிக்காரன் பக்கத்தில் நின்று அதைக் காதால் கேட்டுவிட்டு, "ஒண்ணு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் இரண்டாவதில் கை வைக்கலாம். இரண்டும் ஒன்றாக வெளியே வந்தால் மோட்டார் நின்றுவிடும். ஒருதரம் நின்றால் மாடியில் இருக்கும் சாவியைக் கொண்டுவந்து போட்டால்தான் மறுபடி கிளம்பும்.

எங்கள் சிஸ்டர் ஆதிரை. இருபத்தெட்டு வயது. என்னை அப்புச்சி என்று கூப்பிடுவாள். அவளுடைய தாய்வழித் தாத்தா என் சாடையாம். பாவம் அந்த மனிதர்.

சம்பவம் நடந்தது ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. ஜோடிப் பதிவேட்டில் செங்கோடன் பெயருக்கு எதிரே நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாருமே மாற்றுவதற்கு முன்னால் போட்டுவிடுவோம். அப்புறம் எவன் பேனாவைத் தேடுவது? போட்டுவிட்டு, ஆதிரை புது பேட்டரி எடுக்க உள்ளே போன நேரத்தில், எதிர்ச்சாரியில் இருந்த என் மச்சானின் கடைக்குப் போனேன். முட்டைப் போண்டா வாணலியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. எனக்கு அது விலக்கு. அதனால் நின்றபடியே சாப்பிட்டேன். இரண்டாவது போண்டாவில் பாதி இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் மணி அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது செங்கோடன் தரையில் கிடந்தான். இரண்டு பேட்டரியும் வெளியே இருந்தன. ஆதிரை கையில் சாவியோடு நின்றாள். சாவி வந்துவிட்டது. அவன்தான் காத்திருக்கவில்லை.

மறுநாள் ஆதிரையைக் கைது செய்தார்கள். அலட்சியமாக இரண்டையும் ஒன்றாகக் கழற்றி உயிரைப் போக்கினாள் என்று வழக்கு. நிரூபணமானால் பத்து வருடம். அறை, சட்டை கழற்றும் இடம் என்பதால் கேமரா கிடையாது. பெட்டியின் பதிவில் இரண்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் வெளியே இருந்தது தெரிந்தது. எந்தக் கை எடுத்தது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? வக்கீல் சொன்னபடி ஆதிரை வாயே திறக்கவில்லை.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய வக்கீல் இளம்பரிதியை நானே தேடிப் போனேன்.

"நான் பார்த்தனுங்க" என்றேன்.

"என்னத்தைங்க?"

"செங்கோடன் தானே ரெண்டையும் புடுங்கிப் போட்டதை."

இது பொய். ஆனால் அந்தப் பெண் கையால் ஓர் எறும்பு சாகாது என்பது எனக்கு நிச்சயம். நிச்சயமான விஷயத்துக்குப் பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. செங்கோடனும் போய்விட்டான். அவன் தலையில் போட்டால் அவனுக்கு என்ன வலிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

இளம்பரிதி பேனாவை மூடி வைத்தார். "ஐயா, நீங்க பார்த்தது பெரிசில்லைங்க. உங்க சாட்சி செல்லாது."

"புளுகுறவன்னா?"

"அதுகூட பரவாயில்லைங்க. நாடி இல்லாதவருன்னு. மெய்மானி வந்து எட்டு வருசமாச்சு. கையில பட்டையைக் கட்டி நாடியைப் படிக்குது. பொய் சொன்னா நாடி ஒரு நூலாவது தடுமாறும், செவப்பு எரியும். நெசம்னா பச்சை. உங்களைக் கட்டினா என்ன வரும்? கோடு தரையில படுத்துக் கிடக்கும். பொணத்தைக் கூட்டியாந்து சாட்சி சொல்ல வெச்சமாதிரி."

"சலனமில்லாம இருக்கறது நல்லதுதானுங்களே?"

"அப்படித்தான் உங்காளுக நாலு பேரு முதல் வருசமே வாடகைக்குச் சாட்சி சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டாங்க."

மாநிலத்தில் மோட்டார் வைத்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். யாரும் உயில் எழுத முடியாது, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது, அடித்தவன்மேல் புகார் கொடுக்க முடியாது. என் தங்கை பேத்தியின் கல்யாணப் பதிவுக்குச் சாட்சியாகப் போய் நின்றேன். எழுத்தர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கறவங்க யாராச்சும் வந்திருந்தா கூப்பிடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வழக்கமாக அப்படித்தான் சொல்வாராம்.

இளம்பரிதி மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, "ஒரு வழி இருக்கு. ஆனா அதைக் கேக்கறதுக்கே எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார்.

வழியை டாக்டர் ரோஸ்லின் விளக்கினார். கோபமாக விளக்கினார்.

"உங்க சொந்த இதயம் இன்னும் உள்ளதான் இருக்கு. பம்ப் எல்லா வேலையும் பார்க்கிறதால அது சும்மா கிடக்கு. பம்போட வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினா, வேற வழியில்லாம அது அடிக்க ஆரம்பிக்கும். நாடி வரும். ஆனா அதுக்குத் தெம்பு இல்லை. நாலு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடிகூட நான் ஒத்துக்க மாட்டேன்."

"அஞ்சாவது நிமிசம் என்னங்க ஆகும்?"

"அப்ப நீங்க சாட்சி இல்லை. இன்னொரு கேஸ்."

வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பொய் சொல்லப் போகிறேன். அதுவும் மோட்டாரின் துணையில்லாமல், என்னுடைய சொந்த இதயத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. அது ஒரு நூல் தடுமாறினால் ஆதிரைக்குப் பத்து வருடம். தடுமாறாமலேயே நின்றுவிட்டால் எனக்குப் பாடை. எது முதலில் நடக்கும் என்று தெரியவில்லை. அரசாங்கத்திடம் பொய் சொல்ல இவ்வளவு செலவாகும் என்று நான் நினைத்ததே இல்லை.

விசாரணை நாளில் மன்றம் நிறைந்துவிட்டது. மோட்டார் வைத்தவர்கள் மட்டும் அறுபது பேர் தோள்பையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் சொல் ஏறினால் அவர்கள் சொல்லும் ஏறும். முன் வரிசையில் செங்கோடனின் மனைவி பாவாயி. வெள்ளைச் சேலை. கூண்டில் ஆதிரை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பயந்திருந்தாள். யார்தான் பயப்படமாட்டார்கள்?

மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்கள். சுவரில் என் கோடு தெரிந்தது. தார் ரோடு மாதிரி நேராகக் கிடந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

டாக்டர் ரோஸ்லின் என் பெட்டியில் சாவியைப் போட்டார். "குறைக்கிறேன். தலை சுத்தினா கையைத் தூக்குங்க."

"எந்தக் கைங்க?"

"எதையாவது தூக்குங்க!"

நெஞ்சுக்குள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் தணிந்தது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு இடது விலாவில் ஒரு முட்டு. இன்னொரு முட்டு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி திடீரென்று வாசலில் வந்து கதவைத் தட்டியதுபோல் இருந்தது. சுவரில் கோடு எழுந்தது. அறுபது பேரும் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"மூணு நிமிஷம் அம்பது செகண்ட்" என்றார் ரோஸ்லின்.

அரசு வக்கீல் ஒரு பெண்மணி. என் வயதில் பாதி, என் புத்தியில் இரண்டு மடங்கு. முதலில் கருவிக்கு என் நாடியைப் பழக்க வேண்டும். அதற்கு ஒரு நிஜம், ஒரு பொய்.

"உங்க பேரு?"

"நாச்சிமுத்துங்க."

"இப்ப ஒரு பொய் சொல்லுங்க. கருவி அதைக் கத்துக்கும்."

இதற்காக ராஜஸ்தான் தேநீரைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். கால் விரல்கள் குளிர்ந்துவிட்டன. நீதிபதி மேசைக்குப் பின்னால் மங்கலாக ஆடினார். முன் வரிசையில் பாவாயி மட்டும் தெளிவாகத் தெரிந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செங்கோடன் செத்தப்ப நான் அங்க இல்லைங்க" என்றேன். "எதிர்க்கடையில நின்னு முட்டைப் போண்டா தின்னுட்டு இருந்தேன்."

வாழ்க்கையில் முதன்முறையாக வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

நெஞ்சில் அந்தப் பங்காளி கதவை உடைத்தான். கோடு கூரைக்கு எகிறியது, இறங்கியது, மறுபடி எகிறியது. கருவி அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டது. சுவரில் சிவப்பு எரிந்தது.

மன்றமே சிரித்தது. புளுகு நாச்சி எமனுக்கு முன்னால் நின்றுகூடப் போண்டாக் கதை சொல்கிறானே என்று சிரித்தார்கள். நீதிபதியும் மீசைக்குள் சிரித்தார். கூண்டில் ஆதிரை சிரிக்கவில்லை.

அரசு வக்கீலும் சிரிக்கவில்லை. "இந்தப் பொய்யை எப்ப யோசிச்சீங்க?"

"இப்பத்தானுங்கம்மா. எனக்குப் பொய் அவ்வளவா வராதுங்க."

மறுபடியும் சிரிப்பு.

"ரெண்டு நிமிஷம் இருபது" என்றார் ரோஸ்லின். "சீக்கிரம் கேளுங்க மேடம்."

"சம்பவம் நடந்தப்ப அந்த அறையில இருந்தீங்களா?"

"இருந்தனுங்க."

நெஞ்சு முட்டியது. அலுப்பாக, ஒரே சீராக முட்டியது. எழுபது வருடமாக நான் சொன்ன பொய் எதற்கும் பதறிப் பழக்கமில்லாத நெஞ்சு. இதற்கும் பதறவில்லை. சுவரில் பச்சை.

"பேட்டரியைக் கழட்டினது யாரு?"

"செங்கோடன்தானுங்க. ரெண்டு கையால ரெண்டையும்."

பச்சை. தோள்பைக்காரர்கள் பக்கம் ஒரு சலசலப்பு. எனக்கு அது ரொம்பத் தூரத்தில், கிணற்றின் மேலேயிருந்து கேட்பதுபோல் கேட்டது. வியர்வை சட்டைக்குள் ஓடியது.

"ஒரு நிமிஷம் பத்து."

"பக்கத்துலயே நின்னீங்களே, ஏன் தடுக்கலை?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. 'எட்டலைங்க' என்று சொன்னால் போதும். அதற்கே பச்சை எரிந்திருக்கும். ஆனால் பொய்யை மொட்டையாக விட்டால் எனக்குத் திருப்தி வராது. ஒரு பூ வைக்க வேண்டும்.

"அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சானுங்க" என்றேன். "'போதும்டா நாச்சி, எல்லாம் போதும்'னான். அந்தச் சொல்லைக் கேட்டுட்டு எனக்குக் கை வரலைங்க."

பச்சை எரிந்துகொண்டே இருந்தது. முன் வரிசையில் பாவாயி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"முப்பது செகண்ட். போதும். நான் ஏத்தறேன்."

"இன்னும் ஒரு கேள்வி..."

"மேடம், அவர் உதட்டைப் பாருங்க! நீலமாயிடுச்சு!"

நான் கையைத் தூக்கினேனாம். இரண்டையும் தூக்கினேனாம். அப்படியே முன்னால் சாய்ந்தேனாம். கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். ரீங்காரம் திரும்பி வந்திருந்தது. ரோஸ்லின் என் கன்னத்தில் தேவைக்கு அதிகமாகவே தட்டிக்கொண்டிருந்தார்.

"பொழைச்சுட்டீங்க" என்றார். "மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு என்கிட்ட வராதீங்க."

சாயங்காலமே ஆதிரையை விடுவித்தார்கள். தோள்பைக்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகப் பார்த்தார்கள். அறுபது பேருக்கும் மூச்சு வாங்கியதால் வாசல் வரைக்கும்தான் முடிந்தது. நாலு நிமிடம் மோட்டாரைக் குறைத்துச் சொன்னால் எங்கள் சொல் செல்லும் என்று பதினைந்து நாளில் அரசாணை வந்தது. பத்திர அலுவலகங்களில் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சோளக்காட்டை மகள் பேருக்கு எழுத வந்த ஒருவர் மூன்றாவது நிமிடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஐந்தாவது நிமிடத்துக்கு வரவில்லை. பத்திரம் செல்லும் என்று தீர்ப்பானது.

அதை நான் பேப்பரில் படித்த அன்றைக்குத்தான் ஆதிரை வேலைக்குத் திரும்பி வந்தாள். என் பேட்டரிக்கு நேரமாகியிருந்தது. ஜோடிக்கு வந்த புது ஆள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகம் கழுவப் போயிருந்தார்.

"அப்புச்சி" என்றாள் பையைத் திறந்துகொண்டே. "போண்டா நல்லா இருந்துச்சுங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அங்க இல்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க ரூமுக்குள்ள இருந்தன்னு சொன்னப்பவே எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. நாலு நிமிசமும் நீங்க விழுந்துருவீங்களோன்னு ஒரு பக்கம், மாட்டிக்குவீங்களோன்னு ஒரு பக்கம்."

"விடு அம்மிணி. நீ பண்ணாத குத்தத்துக்கு நான் சொல்லாத உண்மை. சரியாப் போச்சு."

"பண்ணுனனுங்க" என்றாள்.

மோட்டார் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"நான்தான் ரெண்டையும் எடுத்தேன். மொத பேட்டரியச் செருகிட்டு இருந்தேன். நாச்சியக் காணமேன்னு அவரு தேடுனாரு. 'அவன் இல்லீன்னா என்ன, நானே அவனாட்டம் சொல்றேன் பாரு'ன்னு சொல்லிட்டு உங்க கொரல்லயே 'ஒண்ணு'ன்னாரு. அச்சு அசலு உங்க கொரலுங்க. மூணு வருசமா அந்தச் சத்தம் கேட்டா என்ற கை தன்னால ரெண்டாவதுக்குப் போகும். போயிருச்சு. மொதலு உள்ள சரியா உக்காரவே இல்லீங்க. டிக்குன்னு கேக்கவே இல்ல. அவருக்குத்தான் காது கேக்காதே."

"சிரிச்சானா?"

"சிரிச்சுட்டே இருந்தாருங்க. கீழ உழுகற வரைக்கும்."

அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் போய் ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிடட்டுங்களா?" என்றாள்.

"சொன்னா நீ பத்து வருசம், நான் ரெண்டு வருசம். ஜெயில்ல எனக்கு யாரு பேட்டரி மாத்தறது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த வரி பிடிக்கவில்லை. "அந்த அரசாணையும் போயிரும். ஒம்பதாயிரம் பேருக்கும் மறுபடி வாய் போயிரும்."

"அந்தக் காட்டுக்காரரு செத்ததும் அந்த அரசாணையிலதானுங்களே?"

நான் பையை மூடிக்கொண்டு, புது ஆளை வரச்சொல்லிக் குரல் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஆதிரை வேலையை விட்டுவிட்டாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள் என்று கேள்வி.

பாவாயி வெளியே வருவதே இல்லை என்று சொன்னார்கள். கோயிலுக்கு வருவதில்லை, பால் சொசைட்டிக்கு வருவதில்லை. மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டும் போகவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்கிறாளாம்: என்ன போதும்னு சொன்னாரு?

ஒரு பங்குனி மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்ணா" என்றாள். தரையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மோர் சோறு.

நின்றபடியே சொன்னேன். "பாவாயி, நான் கோர்ட்ல சொன்னது பொய்யி. செங்கோடன் தானாச் சாகல. போதும்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் அங்க இருந்திருந்தா இன்னிக்கும் உயிரோட இருந்திருப்பான். நான் எதுத்தாப்புல போண்டா தின்னுட்டு இருந்தேன்."

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதானுங்ணா நீங்க பொய்யின்னு சொன்னது" என்றாள். "செவப்பு எரிஞ்சுதுங்களே. நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். 'போதும்டா நாச்சி'ன்னு அவரு சொன்னாருன்னீங்க, அப்பப் பச்சை எரிஞ்சுது."

"அது மெசினு. அதை நான் ஏமாத்திட்டேன்."

"மெசினை யாருங்ணா ஏமாத்த முடியும்?"

இரண்டாம் முறை சொன்னேன். 'ஒண்ணு' என்று அவன் என் குரலில் சொன்னதைச் சொன்னேன். கை தானாகப் போனதைச் சொன்னேன். யாருடைய கை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கே அது ஒடிசாக் கதை மாதிரி இருந்தது.

"நீங்க நல்லவருங்ணா" என்றாள் பாவாயி. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "என்ற மனசு ஆறட்டும்னு மெனக்கெட்டு வந்து சொல்றீங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவரு எதைச் சொன்னாருன்னு. அன்னிக்குக் காலைல சோத்துக்கு ஒரு கல்லு உப்பு கேட்டாரு. மூணு வருசமா உப்பில்லாமத் திங்கறேன், இன்னிக்கு ஒரு நாளைக்கு ஒரு கல்லு போடுன்னாரு. டாக்டரம்மா வேண்டாம்னாங்கன்னு நான் போடல. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் தின்னுட்டுப் போனாரு. அதானுங்ணா. ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு அப்படித் திங்கறது?"

"அதுக்காக எவனாச்சும் சாவானா, பாவாயி?"

"மெசினு பச்சை காட்டுச்சேங்ணா."

அவள் தட்டைப் பார்த்தேன். வெறும் மோர் சோறுதான். பக்கத்தில் ஊறுகாய் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் அடுப்படிக்குப் போய் மேடையிலிருந்த உப்புச் சாடியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். சாடியை மூடி, அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.